கடல் மேல் ஒரு புகார்

அடுத்தவர் விடுமுறைக்கு நாம் டியூட்டி பார்ப்பதுதான் கூடாரத் தொழில். லாட்ஜிலோ கல்யாண மண்டபத்திலோ வேலைக்கு நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமா கடற்கரையில், விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் முப்பது கூடாரங்களுக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரம்பலூரில் என் மகளுக்கு ஒன்பது வயது, கடலையே பார்த்ததில்லை. அரையாண்டு விடுமுறையில் வந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மேனேஜர் கராச்சிக்காரர். இந்த வாரக் கடைசியில் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி விழாவிட்டால் லீவு, விழுந்தால் ரம்ஜானுக்கு அப்புறம் என்றுவிட்டார்.

வாசல்

வெள்ளிக்கிழமை பர் துபாயிலிருந்து ஒரு மதுரைக் குடும்பம் வந்தது. துணிக்கடைக்காரர். எல்லோரும் அடித்துக்கொள்ளும், கடலைப் பார்த்த முதல் வரிசைக் கூடாரத்தைக் கொடுத்தேன். அவர் போனில் திசை பார்த்தார். வாசல் மேற்கு, படுக்க மாட்டேன் என்றார். இந்த ஊரில் கடலே மேற்கில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. மேலே பேசினால் புகாராகும் என்று, நானும் இன்னொரு ஆளும் முளைகளைப் பிடுங்கி, வெயிலில் கூடாரத்தையே திருப்பினோம். இப்போது வாசலுக்கு நேரே குளியலறைச் சுவர். அதையும் காட்டினேன்.

"கடல் எங்க தம்பி ஓடிப் போகப் போகுது? வாசல் கிழக்க பாக்கட்டும்."

விசில்

மறுநாள் மத்தியானம் அவர் மனைவி குக்கரில் கறி வைத்தார். பக்கத்துக் கூடாரத்தில் ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் நான்கு ராமநாதபுரத்துக்காரர்கள். அங்கே சைரன் அடித்தால் போட்டது போட்டபடி கேட் பக்கம் போய் நிற்க வேண்டும். தலை எண்ணும்வரை நகரக் கூடாது.

முதல் விசிலுக்கே நால்வரும் எங்கள் கேட்டருகே வரிசையாக நின்றார்கள். கைலியோடு மூன்று பேர், தலையில் சோப்பு நுரையோடு ஒருவர். குக்கர்தான் என்று சொன்னேன். அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. கால் நகர மாட்டேன் என்கிறது. நுரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"தலைய எண்ணிட்டீங்கன்னா போயிக் குளிச்சிருவேண்ணே."

எண்ணினேன். நாலு.

புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது துணிக்கடைக்காரர் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முழுப் பக்கம், தமிழில். மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னையே படிக்கச் சொன்னார். ஸ்டாஃபில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'அருமை, மறுபடி வருவோம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கையெழுத்து அத்தனை அழகு, மனசு வரவில்லை. எழுதியிருந்ததை அப்படியே இந்தியில் சொன்னேன்: முதல் வரிசை கிடைத்தும் இரண்டு நாளும் சுவரைத்தான் பார்த்தோம். சூரியன் மறைந்ததே பக்கத்தில் கைதட்டியதால்தான் தெரிந்தது. பணியாளர்கள் தங்கமானவர்கள். கடல் மட்டும் தவறான பக்கம் இருக்கிறது, கவனிக்கவும்.

கூடாரத்தைத் திருப்பியது யார் என்றார் மேனேஜர். நான்தான் என்று காரணத்தையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் லீவு விண்ணப்பத்தை இழுத்து வைத்துக்கொண்டு, அவருடைய இந்தியில் சொன்னார்:

"கடல் நம்ம ஸ்டாஃப் இல்லையே பாய். யல்லா, கிளம்பு, ஊருக்குப் போ."

வேளாங்கண்ணியில் என் மகள் வாயைத் திறந்தபடி கடலைப் பார்த்தாள், எங்கள் லாட்ஜ் ஜன்னல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தது, நான் புகார்ப் புத்தகம் கேட்கவில்லை, அங்கேயும் யாருக்காவது லீவு பாக்கி இருக்கும்.