நயினாரின் கோணப் பல்

அந்தப் பல்செட்டு மூன்றாவது முறையாக லேபுக்குத் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வாயின் பிளாஸ்டர் மாடலில் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை, எங்கும் தூக்கவில்லை. கடியும் சரியாக இருந்தது. ஆனால் கூட வந்த சீட்டில் டாக்டரம்மா, “பேஷண்ட் போட மாட்டேன் என்கிறார்” என்று எழுதியிருந்தார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில் முப்பது வருடமாகப் பல் கட்டிக்கொடுக்கிறேன். என் தொழிலில் மனிதர்கள் வரமாட்டார்கள். வாயின் அளவு வரும், ஒரு சீட்டு வரும். அளவில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் சமைத்துப் பாலிஷ் போட்டு அனுப்பிவிடுவேன். நாள் முழுக்க ரேடியோவைத் தவிர வேறு குரல் கேட்காது. நான் செய்த பல்லோடு யாராவது சிரித்து அதுவரை பார்த்ததே இல்லை.

இந்தச் செட்டுக்கு முதலில் வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஆண், வயது எழுபத்திரண்டு, மேல் முழு செட்டு, ஷேடு ஏ ஒன். அந்த வயதுக்கு ஏ ஒன் மிக அதிகமான வெள்ளை. எனக்கு அப்போதே தெரியும். சீட்டில் எழுதியதைச் செய்வதுதான் என் வேலை என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். “நீங்களே கிளினிக்குக்கு வாங்க. அவரு இங்கதான் உட்கார்ந்துக்கினு இருக்காரு” என்றார்.

நாற்காலியில் மெலிந்த ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டையில். திருப்பருத்திக்குன்றத்து நயினார். வேர்க்கடலை வியாபாரம் செய்தவர். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் பெங்களூருவில்.

“வலிக்குதாங்க?” என்று கேட்டேன்.

“வலியெல்லாம் இல்லப்பா. முறுக்குகூட கடிக்கலாம்.”

“அப்புறம் என்னங்க?”

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். “உங்க மேல குறையில்லம்மா. ட்ரயல் பாக்கும்போது பொண்ணு வீடியோ கால்ல இருந்துச்சு. கலரும் அதுதான் சொல்லிச்சு. நானும் தலையாட்டிட்டேன். வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு கண்ணாடியப் பாத்தா யாரோ நிக்கிறான். வீட்ல இருக்கறதே நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனும் யாரோ மாதிரி இருந்தா எப்படிப்பா?”

டாக்டரம்மா கேட்டார்: “முன்னாடி உங்க பல்லு எப்படி இருந்துச்சுங்க?”

அவர் பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். மனைவியோடு எடுத்தது. மேல்வரிசையில் இடது முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. நிறம் பழுப்பு. அந்தப் பல்லோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

லேபுக்குத் திரும்பி, செட்டிலிருந்த பற்களையெல்லாம் வெட்டி எடுத்தேன். பழுப்பேறிய ஏ மூன்றரை ஷேடில் வேறு பற்களை எடுத்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்து மெழுகில் அடுக்கினேன். நேராக நிற்கச் செய்தே பழகிய கைக்கு ஒரு பல்லைக் கோணலாக வைப்பது சுலபமாக இல்லை. கூடத் திரும்பினால் கிண்டல் மாதிரி தெரிந்தது. குறைந்தால் தவறு மாதிரி தெரிந்தது. நான்கு முறை பிரித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ட்ரயல். இந்த முறை நானும் போனேன். வீடியோவில் மகள் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். “என்ன டாக்டர் இது? புதுசா கட்டியும் அதே கோணப் பல்லா? அப்பாவுக்கு நல்லா இருக்கணும்னுதானே நான் சொன்னேன்?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு போனை நயினாரிடமே கொடுத்தார். “நீங்களே சொல்லுங்க. இது உங்க வாயி.”

நயினார் கையிலிருந்த கண்ணாடியை இறக்கவே இல்லை. மெழுகுச் செட்டோடு மெதுவாகப் பேசினார். “நல்லாத்தாம்மா இருக்குது. உங்கம்மா பாத்த முகம் இது.”

அந்தப் பெண், “சரிப்பா” என்றாள். குரல் உடைந்திருந்தது.

அன்று மாலை அக்ரிலிக்கில் வார்த்து, மறுநாள் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் சீட்டு வந்ததும் கிளினிக்குக்கு ஒரு போன் போடுகிறேன். பழைய போட்டோ இருக்கிறதா, ஷேடை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்கிறேன். சில டாக்டர்களுக்கு எரிச்சல்தான். தொழில் கற்க எப்போதாவது லேபுக்கு வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: வெள்ளையும் வரிசையும் எல்லாருக்கும் அழகில்லை. அந்த முகத்தோடு தினமும் இருக்கப்போகிறவரைக் கேட்காமல் பல்லைத் தொடாதீர்கள்.

செட்டு சரியாக உட்கார்ந்துவிட்டால் அது லேபுக்குத் திரும்பி வராது. நல்ல வேலைக்கு அடையாளமே அதுதான். நயினாரின் செட்டும் வரவில்லை. ஆனாலும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால், ரேடியோவைக் குறைத்துவிட்டு, நயினாராக இருக்குமோ என்று ஒரு நிமிடம் வாசலைப் பார்க்கிறேன்.