அடிபட்ட கேடயமும் ஒழுகும் பம்பும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுவா என்ற சிற்றூருக்கு உட்புறம் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அப்போது சிரம்பானில் விடுதியில் தங்கி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சிரம்பானை ஒட்டிய பாரோயில் ஒரு வகுப்புத் தோழியின் வீட்டில் புது விளையாட்டு ஒன்று பழக்கமாகியிருந்தது. அதற்குப் பலகையும் கிடையாது, காய்களும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாக இருப்பார்கள். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அடுத்த முறை கதை சொல்வது என் பொறுப்பு. அதனால் விதிப் புத்தகத்தின் நகலை வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். ஒத்திகை பார்க்க எனக்குக் கிடைத்தவர்கள் அக்காவும் அண்ணியும்.

இரண்டு பேரும் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிறவர்கள். மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற வேலை. அக்காவின் பம்பு சில வாரங்களாக மூடியோரம் ஒழுகிக்கொண்டிருந்தது. முதுகுத் தோல் சிவந்து உரிந்திருந்தது. சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஒத்திகை மாலையில் அவள் விளையாடினாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னாளாம். "நீதான் எங்கயாச்சும் கீழ போட்டிருப்ப" என்று அவர் முடித்துவிட்டாராம். "வேற பம்பு கேள்" என்று நான் வந்த அன்றே சொன்னேன். "பாக்கலாம்லா" என்றாள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆயுதங்கள் சேதமாகும் விதி. ஒவ்வொரு வீரருக்கும் வாள், கேடயம், காலணி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள். பகடையில் ஒன்று விழுந்தால் ஒரு கட்டத்தை அழிக்க வேண்டும். நான்கும் அழிந்தால் அந்தப் பொருள் உடைந்துபோகும். பாரோயில் இந்த விதியைத் தொல்லை என்று எல்லாரும் தாண்டிப்போவார்கள். நான் தாண்டவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி ஆட வேண்டாமா?

கேடு அங்கேதான் தொடங்கியது.

தீயைக் கக்கும் டிராகனின் குகைவாசல் வரை ஒழுங்காக வந்தார்கள். அங்கே அக்காவின் கேடயத்தில் இரண்டாவது கட்டம் அழிந்தது. உடனே, "நான் உள்ள போகல. திரும்பிப் போறேன்" என்றாள்.

"இன்னும் ரெண்டு கட்டம் இருக்குக்கா. தாங்கும்."

"தாங்கும்னு நீ சொல்லாத. தீக்கு முன்னால நிக்கப்போறது நானு."

அரண்மனைக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நான் ராஜாவின் ஸ்டோர்க்காரராக மாறி, "நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளாததால்தான் கேடயம் சேதமானது, வேறு தர முடியாது" என்றேன். அவ்வளவுதான். அக்கா முட்டி போட்டு நிமிர்ந்துவிட்டாள். சண்டைக்கு அனுப்புவது யார், பல்லி யாருடைய ஊரைக் கொளுத்துகிறது, ராஜாவே வந்து அந்தக் கேடயத்தைத் தூக்கிப் பார்க்கட்டுமே என்று ஒரே பிடி. என் டிராகனைப் பல்லி என்று முதலில் சொன்னது அண்ணி. கடைசி வரை அது பல்லியாகவே இருந்தது. கெஞ்சினேன், புத்தகத்தைக் காட்டினேன், ராஜாவாக மிரட்டியும் பார்த்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய கதை குகைவாசலிலேயே கிடந்தது. கடைசியில் வெறுத்துப்போய் இரண்டு பேருக்கும் புதுக் கேடயம் கொடுத்தேன். கொடுத்ததும் அண்ணி காலை நீட்டி, "அப்படியே பூட்ஸையும் மாத்திக் குடுக்கச் சொல்லு பாப்பா" என்றார். புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் புறப்படும் முன், அக்கா உர மூட்டையின் பிளாஸ்டிக்கை வெட்டி முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. காகிதத்தில் வரைந்த கேடயத்துக்கு அத்தனை வாய் பேசியவள், தோலை உரிக்கிற பம்பைச் சத்தமில்லாமல் சுமக்கப் போகிறாளா? அதையே கேட்டுவிட்டேன், லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி.

அக்கா கோபப்படவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "அங்க ராஜா நீ. கத்தினேன். இங்க கத்தினா மண்டோர் நாளைக்கே, பம்போட ஏற முடியாத மேட்டுக்காட்டுக்கு அனுப்புவான்."

"நான் வந்து ஆபீஸ் கிராணிகிட்டப் பேசறேன். மலாய்லயே பேசறேன்."

"பேசு. லீவு முடிஞ்சதும் பஸ் ஏறிடுவ. அப்புறம் பெரட்டுல நான்தான்லா நிக்கணும்."

பள்ளியில் விவாத மேடையில் நிற்கிறவள் நான்! அன்று முழுவதும் கிராணியிடம் பேச வேண்டியதை மலாயில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்கள். அன்று காலை பம்பு மாட்டுகிற நேரத்தில், அண்ணி தன் பம்பைத் தரையில் வைத்துவிட்டு நின்றிருக்கிறார். அக்காவுக்கு வேறு பம்பு தந்தால்தான் தூக்குவேன் என்றிருக்கிறார்.

"ஒன்னோடது ஒழுகலியே, ஒனக்கு என்ன?" என்று மண்டோர் கேட்டிருக்கிறார்.

"நாளைக்கு ஒழுகும்" என்றாராம் அண்ணி.

அந்தக் கூட்டத்தில் இருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் பம்பை இறக்கி வைத்திருக்கிறார்கள். கத்தல் ஏதும் இல்லை, சும்மா நின்றிருக்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மண்டோர் மோட்டார் சைக்கிளில் போய்த் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து ஒரு பம்பைக் கொண்டுவந்திருக்கிறார். அடிவாங்கி நெளிந்த பழைய பம்பு.

"புதுசு இல்ல. ஆனா ஒழுகல" என்றாள் அக்கா. அவள் சட்டையின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை ஈரம் மட்டும்தான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணி, அன்னைக்கு விளையாடினது எப்படி உதவியிருக்குன்னு!" என்று ஆரம்பித்தேன். பாரோய் தோழிகளுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்கள்கூட மனத்தில் தயாராகிவிட்டன.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் பல்லிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் பாப்பா? ஒங்க அக்கா முதுகுக்குப் பின்னால தெனமும் நடந்து போறது நானு. அது நனையறதப் பாத்துக்கிட்டே எத்தனை நாள் நடக்கறது?"

அதோடு எழுந்து குளிக்கப் போய்விட்டார். ஒரு நல்ல பேரைக்கூட அந்த விளையாட்டுக்கு விட்டுவைக்கவில்லையே என்று எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு பொருள் பழுதானதற்கு அதைப் பயன்படுத்தியவரின் கவனக்குறைவே காரணம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அதைச் சுமந்தவரின் பின்னால் நடந்து பார்த்தது யார் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.