கிணற்றில் இறங்கிய நெய்

என் அக்கா கண்ணாத்தாளுக்குப் பொறுமை கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே கிடையாது. எனக்கு இல்லாததைப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை மூடி மறைத்தது. அவளுக்கு மறைக்க ஒன்றும் அகப்படவில்லை. புருஷன் போன மறு வருஷம், முப்பத்திரண்டு வயதில், திருவரங்குளத்தை விட்டுப் புதுக்கோட்டைக்குப் போய் ரோடு இஞ்சினியர் மில்னர் துரையின் பங்களாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். ஒன்பது வருஷம் கழுவினாள். கழுவும்போதே அடுப்பில் என்ன வேகிறது, எத்தனை நேரம் வேகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்களாச் சமையல்காரர் திருப்பதிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அடுப்படிக் கதவைச் சாத்தியிருப்பார்.

யுத்தம் நடந்த நாற்பத்திரண்டாம் வருஷம் மார்கழியில், பட்டாளத்துக்குச் சமைத்தால் சம்பளம் அதிகம் என்று திருப்பதி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார். அன்றைக்கு மத்தியானமே அக்கா, துரையின் சம்சாரம் துரைசாணி முன்னால் போய் நின்றாள்.

"அடுப்படிய எங்கிட்ட குடுங்கம்மா. நான் சமைக்கிறேன்."

துரைசாணி சிரித்தாளாம். துரை வீட்டுச் சமையல்காரர் என்றால் ஆம்பிளை. அதிலும் மீசை வைத்த ஆம்பிளை. அதுதான் அந்தக் காலத்துச் சட்டம். ஆனாலும் அவள் நல்ல மனுஷி. சனிக்கிழமை திருச்சியிலிருந்து ரயில்வே துரையின் சம்சாரம் டீ சாப்பிட வருகிறாள், தன் பட்லரின் தம்பியை இங்கே வேலைக்கு அனுப்பவும் தயாராக இருக்கிறாள் என்ற விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு ஸ்கோன் செய்து காட்டு, நன்றாக வந்தால் அடுப்படி உனக்கு, இல்லாவிட்டால் பட்லரின் தம்பி வருவான், நீ பாத்திரத் தொட்டிக்கே போகலாம் என்றாள்.

ஸ்கோன் என்பது துரைமார் மாலை டீயோடு தின்கிற உப்பலான குட்டி ரொட்டி. மாவில் வெண்ணெயை உதிர்த்து, மோர் விட்டுப் பிசைந்து, வட்டமாக வெட்டிச் சுட வேண்டும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கேட்க எளிதுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் சங்கதிகளில் அதுவும் ஒன்று.

"கை வேலை அப்புறம். முதலில் சாமான் நல்லது வேணும். சனிக்கிழமை காலை நான் பார்ப்பேன்" என்று துரைசாணி சொல்லி வைத்தாள்.

அக்கா சாமான் எடுக்கக் கிளம்பினாள். சனிக்கிழமைக்கு இருந்த நான்கு நாளும் கீழ ராஜ வீதிக் கடைக்காரர்களுக்கு ஏழரைச் சனி. மைதா மூட்டையில் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, "வண்டு குடும்பத்தோட இருக்கு, பிள்ளைகுட்டியெல்லாம் சேத்தா விக்கிறீக?" என்று கேட்டாள். யுத்த காலம், நல்ல மைதா எங்கேயும் இல்லை. சம்பா கோதுமை வாங்கி, கழுவிக் காயவைத்து, திருகையில் அரைத்து, பழைய மல்வேட்டியில் இரண்டு தரம் சலித்தாள். ரொட்டியை உப்ப வைக்க, சீமையிலிருந்து டப்பாவில் வரும் பவுடர் கப்பலோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் ஆப்பச்சோடா. நாலு கடைச் சோடாவிலும் ஒவ்வொரு சிட்டிகை வாங்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, எது அதிகம் பொங்குகிறது என்று பார்த்தாள். நாலாவது கடைச் சோடாதான் சீறிக்கொண்டு எழுந்தது. கிஸ்மிஸ் நாட்டு மருந்துக் கடையில். மோர் முதல்நாள் உறை ஊற்றியது; பல் கூசாத புளிப்பு.

வெண்ணெய்தான் சிக்கல். கடை வெண்ணெயை விரலால் அமுக்கினால் தண்ணீர் வந்தது. இன்னொரு கடையில் நாற்றமே வந்தது. அக்கா எனக்குச் சொல்லி அனுப்பினாள்: நம் வீட்டுப் பசு வெண்ணெய் ஒரு படி சனிக்கிழமை காலைக்குள் வர வேண்டும்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பங்களாவின் பின்கட்டில் போய் இறங்கினேன். நல்ல காரியம் செய்துவிட்ட மிதப்பு வேறு. அக்கா மூடியைத் திறந்தாள். முருங்கை இலை வாசனை குப்பென்று வந்தது.

"என்னடா இது?"

"நெய்யிக்கா. சொர்ணம் உருக்கிக் குடுத்துச்சு."

"நான் வெண்ணெய்யில்ல கேட்டேன்!"

சொர்ணம் என் வீட்டுக்காரி. அவள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் வெண்ணெய் எடுத்த அன்றே உருக்கிவிடுவார்கள். நாத்தனார் வேலை செய்யும் பெரிய வீட்டுக்கு உருக்காத வெண்ணெயைக் கொடுத்தனுப்பினால் சோம்பேறி என்று பேர் வரும் என்று, விடியுமுன் எழுந்து, பதம் பார்த்து, கொழுந்து முருங்கை இலையாகப் போட்டு உருக்கியிருந்தாள். பொன் மாதிரி இருந்தது. அதுதான் கோளாறு. உருகினதை மாவில் உதிர்க்க முடியாது.

"வெண்ணெ தெரண்டு வரயில தாழிய ஒடச்சுப்புட்டீங்களேடா! ஒம் பொண்டாட்டிக்கிட்டப் போயிச் சொல்லு, இந்த ஜென்மத்துல அவ மொகத்துல முழிக்க மாட்டேன்!"

ஊரில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள். என் அக்கா நெய்யை வைத்துக்கொண்டு வெண்ணெய்க்கு அலைந்தாள். சொன்னால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வேடிக்கையெல்லாம் போய்விட்டது. ஒன்பது வருஷம் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடுப்பைத் தொடாமல் இருந்தவள்.

பிறகு இலைச் சருகுகளை வடிகட்டினாள். தூக்கின் மூடியைத் துணியால் இறுகக் கட்டி, கயிறு போட்டு, ஐப்பசி மழையில் நிறைந்திருந்த கிணற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இறக்கினாள். கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தாள்.

"இங்கிட்டே உக்காரு. அசஞ்சே, நீயும் உள்ளதான்."

பத்து மணிக்குத் துரைசாணி அடுப்படிக்கு வந்தாள். மாவைத் தொட்டுப் பார்த்தாள், சரி. சோடா சரி. மோரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் தலையசைத்தாள்.

"வெண்ணெய் எங்கே?"

"கெணத்துல ஆறுதுங்கம்மா" என்றாள் அக்கா. வெண்ணெய் என்றும் சொல்லவில்லை, நெய் என்றும் சொல்லவில்லை. கோடை நாளில் வெண்ணெயைக் கிணற்றில் இறக்கச் சொல்லிக் கொடுத்ததே துரைசாணிதான், திருப்தியாகப் போய்விட்டாள். கயிற்றைப் பிடித்திருந்த எனக்கு வியர்த்தது.

மத்தியானம் தூக்கினால், மார்கழிக் குளிரில் நெய் மணல்மணலாக உறைந்திருந்தது. அக்கா நுனி விரலால் மாவில் உதிர்த்தாள். நெய்யில் ஈரம் இல்லை என்று மோரை ஒரு கரண்டி கூட்டி விட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, கை சொன்னது. ரொட்டி அடுப்பில் வைத்துவிட்டு வீரமாகாளியை இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாந்தரம் கூப்பிடுமுன் எல்லாம் உப்பி எழுந்து நின்றன.

நான்கு மணிக்கு விருந்தாளி வந்தாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். திருச்சி அம்மாள் ஒன்றைத் தின்றாள், இரண்டைத் தின்றாள். மூன்றாவதை விண்டபோது உள்ளேயிருந்து பழுப்பாய் ஒரு முருங்கை இலை எட்டிப் பார்த்தது. வடிகட்டியில் தப்பிய ஒற்றை இலை. இது என்ன என்று கேட்டாள். துரைசாணி அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். காலையில் போல மழுப்பியிருக்கலாம், ஆனால் நேரே கேட்டால் அவளுக்குப் பொய் வராது.

"இது வெண்ணெய்யில செஞ்சதில்லீங்கம்மா, நெய்யி. வீட்டுல தெரியாம உருக்கிப்புட்டாக. வேற வழியில்லாமப் போட்டேன். அது முருங்க எலை. பொய் சொல்லி எனக்கு அடுப்படி வேணாம்."

துரைசாணி இன்னொரு ஸ்கோனை எடுத்து, விண்டு, மோந்து பார்த்துத் தின்றாள். பிறகு விருந்தாளியிடம் இங்கிலீஷில் சொன்னாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அது நன்றாகவே புரிந்தது: பட்லரின் தம்பியை அனுப்ப வேண்டாம், எனக்குச் சமையல்காரி இருக்கிறாள்.

நான் கதவுக்குப் பின்னாலேயே அழுதுவிட்டேன். வாத்தியார் அழுவதை யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

சாயங்காலம் இரண்டு ஸ்கோனைப் பொட்டலம் கட்டிச் சொர்ணத்துக்குக் கொண்டுபோனேன். அக்காவின் திட்டை வழியிலேயே விட்டுவிட்டேன். சொர்ணம் ஒரு வாய் கடித்தாள். "உப்புமில்ல, ஒறப்புமில்ல. நெய்யி மட்டும் நல்ல நெய்யி" என்றாள்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் அக்காதான் அங்கே சமையல். சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு நெய் சைக்கிளில் போனது. இனி உருக்கியே அனுப்பச் சொல் என்று அக்கா சொன்னாளே தவிர, அன்றைக்குத் திட்டியதற்கு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சமாதானம் பேசுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. எப்படியோ விஷயம் சொர்ணத்தின் காதுக்கும் போய், "நான் உருக்கலேன்னா மதினிக்கு ஏது அடுப்படி?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாற்பத்தேழில் துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியது. போகும்போது துரைசாணி அக்காவுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு அக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: கண்ணாத்தாள் என் சமையல்காரி. இவளைப் போல் சாமான் பார்த்து எடுப்பவரை நான் கண்டதில்லை. ஸ்கோனுக்கு நெய்தான் போடுவாள். யாரும் அதை மாற்றச் சொல்ல வேண்டாம்.

சமையல்காரி என்ற இடத்தை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாஞ் சரி. எம் பேரு எங்கிட்டு இருக்கு?"

அக்கா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கினாள். "நெய்யின்னு எந்த எடத்துலடா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். எழுத்துத் தெரியாத அக்கா அந்த இடத்தில் விரலை வைத்து, சொர்ணத்தின் பக்கம் நீட்டினாள்.

"இந்தா இருக்கு பாரு, ஒம் பேரு."