நாலு முதல் பதினைந்து வரை

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம். என்னோடு கல்லூரியில் படித்த தோழியின் மகளுக்கு. மண்டப வாசலில் பட்டுப்புடவையும் பன்னீர்ச் சொம்புமாகச் சம்பந்தி வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தாள் தோழி. ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய நரைத்த தலை அம்மா ஒருவர், மேளச் சத்தத்தையும் மீறிக் குரல் கொடுத்தார்.

"ஏய் ஏழு! கூன் போடாம நில்லுடி!"

தோழி விறைப்பாக நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் அப்பா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். பாவம், பெண்ணின் அம்மாவுக்கு ஏழு என்று பெயரா என்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

ஆட்டோவில் வந்த அந்த அம்மாதான் எங்கள் கோச். கல்லூரிப் பெண்கள் பாஸ்கெட்பால் டீமின் தலைமைப் பயிற்சியாளர். நாங்கள் கூப்பிட்டது 'மேடம்'. அவர் எங்களைக் கூப்பிட்டது ஜெர்சி நம்பரை வைத்து. அந்தக் காலத்தில் பாஸ்கெட்பால் ஜெர்சி நாலில் ஆரம்பித்துப் பதினைந்தில் முடியும். டீமில் சேர்ந்த அன்றைக்கு ஒரு நம்பர் கொடுப்பார். அதோடு சரி... பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் — எதையும் கேட்கமாட்டார். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயரெல்லாம் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நிற்கும்.

நான் பதினைந்து. அதாவது, பெஞ்ச்.

என்ன திமிர் இந்த அம்மாவுக்கு என்று நாங்கள் பேசாத நாளில்லை. அந்தத் திமிர் எதற்கு என்பது ஒரு நாள் காலையில் நடுரோட்டில் தெரிந்தது.

எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் சூடாக இருந்த நேரம். எந்த ரோட்டில் எப்போது மரம் விழும் என்று யாருக்கும் தெரியாது. பஸ் ஓடினால் அதிசயம். அப்போது பார்த்து சேலத்தில் டோர்னமென்ட்!

முந்தைய வருஷம் நாங்கள் போகவில்லை. பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் போய் ஆடாவிட்டால் பெண்கள் டீமைக் கலைத்துவிடலாம், கோர்ட் இருக்கும் இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டாவது போடலாம். டீம் இல்லையென்றால் கோச் எதற்கு? மேடம் அப்போது டெம்பரரிதான்.

சின்னசேலம் போய் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று மேடம் ஒரு வேன் ஏற்பாடு செய்தார். விடியும்போதே கிளம்பினோம். பன்னிரண்டு பேர். நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் நிலத்திலேயே கூலிக்கு நடவு நட்டவர்களின் பெண்கள் இருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக மேடமே மலைக்குப் போய், அப்பாமார்களிடம் மணிக்கணக்கில் பேசி அழைத்து வந்திருந்தார்.

சின்னசேலத்துக்குச் சில மைல் முன்னால் வேன் நின்றது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் ஏழெட்டுப் பேர்.

தலைவர் மாதிரி இருந்த ஒருவர் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "வண்டி போவாதுங்க டீச்சரம்மா. எங்க போறீங்க இத்தினி புள்ளைங்கள இட்டுக்கினு?"

மேடம் விஷயத்தைச் சொன்னார்.

அவர் ஜன்னல் வழியாக எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரு யாரு வூட்டுப் புள்ளைங்க?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"நம்ம புள்ளைங்க இருந்தா சொல்லுங்க. எங்க ஆளுங்களே சைக்கிள்ல வச்சி ஸ்டேசன்ல வுட்டுடுவாங்க. மத்தவங்க வண்டியோட திரும்பிக்கட்டும்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மேடம்.

"இன்னாங்க இது! தெனம் பாக்கற டீச்சருக்குத் தெரியாதா?"

"நாலு, அஞ்சு, ஆறுன்னு பதினஞ்சு வரைக்கும் தெரியும். வேற தெரியாது."

அவர் முகம் மாறியது. "நாங்களும் இந்த மாரி புள்ளைங்க படிப்புக்குத்தாங்க ரோட்ல குந்திக்கினு கீறோம். யாரு எந்த வூடுன்னு பாக்காம எங்களுக்கு எப்டிங்க கெடைக்கும்?"

"நீங்க பாக்கணும். நான் தப்பு சொல்லல. உங்களுக்குச் சேர வேண்டியதை நீங்க கேக்கத்தான் வேணும்" என்றார் மேடம். "ஆனா எனக்கு இது டீமுங்க. என் வாயால பிரிக்க மாட்டேன்."

எங்கள் கேப்டன் மேடத்தின் காதோரம் போய்க் கிசுகிசுத்தாள். "மேடம், அஞ்சு பேர் போனாலே ஆட்டம் ஆரம்பிக்கலாமே... டீம் கலையாது. உங்க வேலையும் போவாது."

"ஆரம்பிக்கலாம். மூச்சு வாங்குனா யாரை மாத்துவே? புளியமரத்தையா?"

அவ்வளவுதான். எங்களை இறங்கச் சொன்னார். நம்பர் வரிசைப்படி நிற்கச் சொன்னார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் ஆளாக அந்த மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். நாலு குதித்தாள், அஞ்சு குதித்தாள்... கடைசியாக நான். யாரும் தடுக்கவில்லை. வேலையே போகப்போகிறது, இந்த அம்மா நடையைப் பார் என்று நான் மலைத்துப்போனேன். இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது.

கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம். பின்னால் சைக்கிள் மணிச் சத்தம். ஒன்றல்ல, வரிசையாக. அவர்களுக்குள் என்ன சண்டை நடந்ததோ, யார் ஜெயித்தார்களோ... தலைவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொன்னார்: "நடந்தா ரயிலு போயிடும். எல்லாரும் ஏறுங்க. ஆளுக்கு ஒரு வண்டி கெடையாது, ரெண்டு ரெண்டு பேரா குந்திக்கோங்க." யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கிட்ட நின்ற சைக்கிளில் கிட்ட நின்றவள் ஏறினாள்.

ரயில் கிடைத்தது. மேட்ச்? தோற்றோம். அதுவும் சும்மா இல்லை, சேலத்துக்காரிகள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஆனால் போய் ஆடினோம் இல்லையா? டீம் பிழைத்தது. சைக்கிள் ஸ்டாண்டு வேறு இடத்துக்குப் போனது. மேடம் பர்மனென்ட் ஆகி, நரைத்து, ரிடையர் ஆகும்வரை வருஷத்துக்குப் பன்னிரண்டு நம்பர்களை மேய்த்தார். அதில் போலீஸ் ஆனவர்கள் உண்டு, பி.டி. டீச்சர் ஆனவர்கள் உண்டு. மலையிலிருந்து வந்த எட்டு, இப்போது தானே ஒரு டீமுக்குக் கோச். என்ன வாழ்க்கை இது!

இதெல்லாம் கல்யாண மேடையில் எல்லோரும் பேசியதுதான். யாரிடமும் சொல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு ஜோடி இல்லாமல் கடைசியாக மிஞ்சிய என்னை ஏற்றிக்கொண்டவர் அந்தத் தலைவரேதான். மேட்டில் மிதிக்க முடியாமல் மூச்சிரைத்தது அவருக்கு. பேசாமல்தான் வந்தார். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆவல் அடங்கவில்லை மனுஷனுக்கு. திரும்பாமலே கேட்டார்.

"ஏம்மா... நீ யாரு பொண்ணு?"

முன்னால் போகும் சைக்கிளில் மேடத்தின் முதுகு தெரிந்தது.

"பதினஞ்சுங்க."

அவர் பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பிறகு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

"உனக்காச்சும் ஒருத்தங்க நம்பர் குடுத்தாங்க. எங்களுக்கு இன்னா குடுத்தாங்க? அதுக்குத்தாம்மா மரத்தப் போட்டுக்கினு கீறோம்."

மேடம் காதில் இது விழவில்லை. விழுந்திருந்தால், ரூல்புக்கில் இல்லாவிட்டாலும் போகிறது என்று, பதினாறை அவருக்குக் கொடுத்திருப்பார்.