அனியெலா சொன்ன "நோ"

அனியெலாவுக்கு வரவிருந்த நிரந்தர வேலை ஒரே ஒரு சொல்லால் கைநழுவியது.

மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், உறையவைத்த காய்கறிகளைப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், 2005இல் அவள் தற்காலிகத் தொழிலாளி. ருமேனியாவின் வடக்கே கச்சிக்கா என்ற ஊரிலிருந்து வந்தவள். ஆஸ்திரியர் ஆண்ட காலத்தில் உப்புச் சுரங்க வேலைக்காகப் போலந்துக்காரர் குடியேறிய ஊர் அது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அவர்கள் வீட்டில் போலிஷ் பேசினார்கள், பள்ளியில் ருமேனியன். அங்கே ருமேனியர் அவளைப் போலந்துக்காரி என்றார்கள். இங்கே போலந்துக்காரர் அவளை ருமேனியாக்காரி என்றார்கள்.

"இரண்டு பேரும் என்னை மற்றவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்" என்று உரக்கச் சிரிப்பாள். தான் யார் என்பதில் அவளுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

இலையுதிர் காலத்தில் ஓர் இடம் காலியானது. தற்காலிகத் தொழிலாளர்களைக் குளிர்காலம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அந்த இடம் கிடைத்தால் அவள் தப்பிப்பாள். மேற்பார்வையாளர் பேனாட் இயந்திர இரைச்சலுக்குள் வந்து, "உன்னை நிரந்தரமாக்கினால் சம்மதமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். மகிழ்ச்சியில் அவள் வாயில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"நோ, நோ!"

போலிஷ் பேச்சில் "நோ" என்றால் "ஆமாம், பின்னே!" பேனாட் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். வெளியிலிருந்து ஆள் எடுக்கப்போவதாக மறுநாள் அறிவித்தார். அவள் ஓடிப்போய் விளக்கினாள்.

"மாட்டேன் என்றாய். என் காதால் கேட்டேன்," என்றார் அவர்.

அதிகாரம் உள்ளவர் தவறாகக் கேட்டால் அது முடிவாகிவிடுகிறது. இல்லாதவர் சொன்னது பிறர் காதில் தவறாக விழுந்தாலும் தண்டனை சொன்னவருக்குத்தான். என்ன நியாயம் இது?

அதே பொதி செய்யும் வரிசையில் வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சிவநேசம், மதியச் சாப்பாட்டில் தோழி றோஸ்மேரியிடம் பொரிந்தாள். "அவள் நோ எண்டது ஓம் எண்டுதானாம்."

"இதென்ன கூத்து! அப்ப வேண்டாம் எண்டதுக்கு என்ன சொல்லுவினம்?"

"நியே."

"பூனை கத்துற மாதிரியெல்லே கிடக்கு!"

"பகிடி விடாதை. நாங்கள் ஓம் எண்டாலும் உவன் பேனாட் முழிக்கிறவன்தானே. நாளைக்கு எல்லாரும் நோ சொல்லுவம்."

மறுநாள் காலை, "தொடங்கலாமா?" என்று வழக்கம்போல் பேனாட் கேட்டார்.

"நோ!" என்றது வரிசை முழுவதும். வரிசையில் நின்ற ஹெயிட்டிப் பெண்களின் குரல்தான் உரத்து ஒலித்தது. ஒரு கையும் அசையவில்லை.

"வேலை செய்ய மாட்டீர்களா?"

"சம்மதம் என்றுதானே சொன்னோம்," என்றாள் சிவநேசம் பிரெஞ்சில். "உங்களுக்கு எப்படிக் கேட்டது?"

சிரிப்பு கூரையை முட்டியது. சத்தம் கேட்டு நிர்வாகி வந்தார், நடந்ததைக் கேட்டார், அனியெலாவிடம் அதே கேள்வியை மறுபடி கேட்கும்படி பேனாட்டிடம் சொன்னார். காது சிவக்க பேனாட் கேட்டார்.

"வீ," என்று ஆமாம் சொன்னாள் அவள், எல்லோருக்கும் தெரிந்த பிரெஞ்சில், நிறுத்தி நிதானமாக. அத்தோடு விடவில்லை. "சிவநேசம் எனக்கு முன்னரே வந்தவள். அவளை ஏன் யாரும் கேட்கவில்லை?"

நிர்வாகி பேனாட்டைப் பார்த்தார். பேனாட் சிவநேசத்தின் பக்கம் திரும்பினார். "அடுத்த இடம் உனக்கு. சம்மதமா?"

றோஸ்மேரி முழங்கையால் இடித்தாள். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு நிக்காதை, சிவநேசம். வீ எண்டு சொல்லு!"