ஒட்டியிருந்த தகடு

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் பழனி ரோட்டோரம் ஒரு லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் ஷேப்பிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயது. என்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்ற திமிர் வேறு.

ஒரு சித்திரை மாதக் காலையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய பம்புசெட் இன்ஜினில், பெரிய சக்கரத்தைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்பு உடைந்துவிட்டது. "அப்பு, செத்த சீக்கிரம் பாரு. மூணு நாளாத் தண்ணி இல்ல, வெங்காயம் அம்புட்டும் வாடுது" என்று நிற்க முடியாமல் தவித்தார்.

அந்த ஆப்பின் மேல்முகம் லேசான சாய்வாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் வைஸில் அதை மாட்டும்போது ஒரு முனைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைக் கொடுப்போம். அந்த முனை தூக்கி நிற்பதால் உளி அங்கே கூடுதலாகச் சீவும். தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு சாய்வு. முடித்ததும் தடித்த முனையை மட்டும் அளந்து பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினேன். மெல்லிய முனையை அளக்கவில்லை. அதெல்லாம் புதிதாக வேலை பழகுபவனுக்கு என்று நினைப்பு.

மதியம் வைஸைத் துடைக்கும்போது அந்தத் தகடு கையில் இரண்டாகப் பிரிந்தது. எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்திருக்கிறது. அடப்பாவி! சாய்வு இரண்டு மடங்கு ஆகியிருக்கும். தட்டி ஏற்றினால் துளையின் வாயில் மட்டும் இறுகும்; உள்ளே பிடிப்பே இருக்காது. ஓட ஓட அதிர்ந்து வெளியே வந்துவிடும். அத்தனை கனமான சக்கரம் கழன்றால், பக்கத்தில் நிற்கிறவர் பிழைக்க மாட்டார்.

முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று அடுத்த வேலையை மாட்டினேன். கை ஓடவில்லை. தண்ணீர் குடித்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர் குடித்தேன். கடைசியில் வயிற்றுவலி என்று புளுகிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

எதிர்க்காற்று. அவருடைய ஊர்ப்பெயர் மட்டும்தான் தெரியும். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் வழி கேட்டுக் கேட்டுப் போனேன். தோட்டத்தை நெருங்கும்போதே இன்ஜின் சத்தம் கேட்டது. சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடினேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார் மனுஷன். நான் கத்தியது சத்தத்தில் கேட்கவில்லை. நேரே போய் டீசலை அடைத்தேன்.

அவர் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தார். "ஏலே, ஒனக்கென்ன கிறுக்கா? தண்ணி பாயிறது தெரியல?"

சக்கரம் நின்றதும் காட்டினேன். ஆப்பு இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. வெறுங்கையால் இழுத்தேன், வந்துவிட்டது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மடை கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார். "எந்த மகராசி பெத்த புள்ளையோ, எந் தாலியக் காப்பாத்துன சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நானோ, "இரும்பு சரியில்லீங்கம்மா, எனக்குச் சந்தேகம் தட்டுச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

உட்காரவைத்துக் கம்மங்கூழ் கொடுத்தார்கள். குடித்தேன். மறுநாள் வேறு ஆப்பு செய்து, நானே கொண்டுபோய், கரி தடவித் துளைக்குள் முழு நீளமும் பதிகிறதா என்று பார்த்து மாட்டிவிட்டு வந்தேன். அதன்பின் ஒவ்வொரு அறுவடைக்கும் பட்டறைக்கு என் பெயரில் ஒரு மூட்டை வெங்காயம் வரும். அவர் இருந்தவரை அது நிற்கவில்லை. நானும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

எத்தனையோ ஆயிரம் சாய்வுகளைப் பிசகாமல் சீவியிருக்கிறேன். ஆனாலும், செய்த தப்புக்கு நன்றி வாங்கிக்கொண்டு அந்தக் கூழைக் குடித்தேனே, அது இன்றும் உறுத்துகிறது.