திரையில் ஒட்டிப் பார்த்த தோல்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கல்லூரிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் வருவார்கள். "அக்கா, வெப்சைட் பண்ண இன்னா சாப்ட்வேர் கத்துக்கணும்?" என்று கேட்பார்கள். நோட்பேடு போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். சொல்ல வேண்டியது அவ்வளவு மட்டும் இல்லை. மீதியை ஆரம்பித்தால் கோவில் வாசல் என்றும் பார்க்காமல் கத்திவிடுவேனோ என்று பயம். இரண்டு வருஷம் ஆகியும் கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருந்த ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கணிதத்தில் பட்டம், மேற்கொண்டு ஒரு வருஷ டிப்ளமோ. வேலை என்னவோ பேக்கிங் லிஸ்டும் கடிதமும் டைப் அடிப்பதுதான். மகளுக்கு அப்போது ஒரு வயது நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் விட்டுவிட்டு வருவேன், ஆபா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனாலும் காலை பத்து மணிக்கெல்லாம், விட்டுவிட்டு வந்தது சரியா என்று ஆரம்பித்துவிடுவேன்.

ஒருநாள் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "ஏம்மா, கம்ப்யூட்டர் படிச்சவதானே நீ? எல்லா கம்பெனிக்கும் வெப்சைட் வந்துட்சி. நமக்கும் ஒண்ணு போட்டுடு."

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னா? இன்டர்நெட்லயே எல்லாம் இருக்குதாமே. பார்த்துக் கத்துக்கோ."

கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை வரும். பிற நாட்டுத் தோல் பதனிடும் டேனரிகளின் பக்கங்களைத் திறந்து, அவை எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று உள்ளே பார்க்கும் வசதி பிரவுசரிலேயே இருந்தது. அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு நாள் வேலையையும் அந்தந்தத் தேதி போட்ட தனி ஃபோல்டரில் நகல் எடுத்துவைத்தேன். படங்களைச் சின்னதாக்கினேன். ஆபீசில் ஒரே டெலிபோன் லைன்தான். நான் பக்கத்தை ஏற்றும் நேரம் முழுக்க லைன் பிஸியாக இருக்கும். அந்த நேரத்தில் குழந்தைக்கு ஏதாவது ஆகி ஆபா கூப்பிட்டால் எனக்குத் தெரியவே தெரியாது. படம் சீக்கிரம் ஏற வேண்டும் என்று நான் அரும்பாடு பட்டது பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஷேடு பக்கம். கம்பெனி விற்கும் நிறங்கள் நாற்பதையும் வரிசையாக, எண் போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் உண்மையான தோல் துண்டு ஒன்று ஆபீஸ் பைலில் உண்டு. அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அச்சாக ஒத்துவராவிட்டாலும் திரையில் அதற்கு நெருக்கமான நிறத்தின் ஆறெழுத்துக் குறியீட்டைத் தேடிப் பிடித்தேன். முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த ஐந்து கம்ப்யூட்டரிலும் அதே பக்கத்தைத் திறந்தேன். பதினேழாம் நம்பர், தேன் கலந்த பழுப்பு. ஒன்றில் செங்கல் மாதிரி இருந்தது. ஒன்றில் பச்சை ஓடியது. இன்னொன்றில் கிட்டத்தட்ட கறுப்பு. என் குறியீடு ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டிகள்தான் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

எனவே பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். திரையில் தெரியும் நிறம் தோலின் நிறத்திலிருந்து மாறுபடலாம், ஆர்டர் கொடுக்கும் முன் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கவும் என்று.

மேனேஜர் படித்தார். "இன்னாம்மா இது? நம்ம சரக்க நம்பாதேன்னு நாமளே போர்டு மாட்டுற மாதிரி இருக்குது. எடுத்துடு."

"அஞ்சு கம்ப்யூட்டர்ல பார்த்தேன் சார், அஞ்சும் அஞ்சு கலரா..."

"அஞ்சு கம்ப்யூட்டரையும் ரிப்பேருக்குக் குடுக்கச் சொல்லு." பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார்.

எடுத்தேன். ஆனால் அழிக்கவில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல், கோப்புக்குள் மட்டும் ஒரு வரியை மறைத்துவைக்க வழி உண்டு. அந்த வரியை அப்படி மறைத்து, பக்கத்தில் தேதியும், மேனேஜர் சொல்லி எடுத்தது என்றும் எழுதிவைத்தேன். தந்திரமாகச் செய்யவில்லை. டிப்ளமோவில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: எதை ஏன் மாற்றினாய் என்று எழுதிவை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிற ஆள் நான்.

நாலைந்து மாதம் கழித்து, வெப்சைட்டைப் பார்த்து முதல் ஆர்டர் வந்தது. வெளிநாட்டு பையர் ஒருவர் ஷேடு நம்பர் பதினேழு வேண்டும் என்று மெயில் அனுப்பியிருந்தார். மேனேஜர் அதை அச்செடுத்து ஆபீஸ் முழுக்கக் காட்டினார். "பார்த்தியா? அந்த லைன் இருந்திருந்தா வந்திருப்பானா?"

வழக்கமாக ஆர்டர் வந்தால் சாம்பிள் துண்டு ஒன்றை கூரியரில் அனுப்புவார்கள். பையர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிய பிறகே லாட்டுக்கு, அதாவது மொத்தச் சரக்குக்கும், நிறம் அடிப்பார்கள். இந்த முறை அதற்கு நேரம் இல்லை என்றார் மேனேஜர். அதோடு நிறுத்தினாரா? பினிஷிங் மாஸ்டரை ஆபீசுக்கு வரவழைத்தார்.

தோலுக்குக் கடைசி நிறம் கொடுப்பது மாஸ்டரின் வேலை. பேரணாம்பட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் கையில் பதினேழாம் நம்பரின் அசல் துண்டு இருந்தது. மேனேஜர் என் திரையைக் காட்டினார்.

"மாஸ்டர், இதப் பாருங்க. உங்க துண்டுக்கும் இதுக்கும் ஒத்து வருதா?"

"வரல சார். இதுல செவப்பு ஜாஸ்தி."

"பையர் பார்த்தது எத? இதத்தானே? அப்ப இதுக்கு மேட்ச் பண்ணுங்க."

மாஸ்டர் தோல் துண்டைத் திரையின் கண்ணாடி மேல் ஒட்டிவைத்துப் பார்த்தார். டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிப் பார்த்தார். "டப்பாவுல இருக்கறது வெளிச்சம் சார். என் கையில இருக்கறது சாயம். ரெண்டையும் எப்டி சார் மேட்ச் பண்றது?"

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்னு சொல்லிக்கிறீங்க. இது வரலையா?"

மாஸ்டர் முகம் சுண்டிப்போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். ஒருமுறை சொல்லியாயிற்று, சிரித்தார்கள். மறுபடி சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த மூன்று நாளும் அவர் ஸ்பிரே அடித்த துண்டுகளைக் கொண்டுவந்து என் திரையில் ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஒத்துவந்தது. என் திரையோடு, அந்த ஒரே ஒரு திரையோடு, அச்சாக ஒத்துவந்தது.

லாட் போய்ச் சேர்ந்தது. பையர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அவரிடம் போன வருஷமே நாங்கள் அனுப்பிய பதினேழாம் நம்பர் சாம்பிள் துண்டு இருந்திருக்கிறது. மெயிலில் அந்த எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் முதலில் கையில் கொண்டுவந்தாரே, அதே துண்டு. அதன்படி அடித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

மறுநாள் காலையிலேயே மகளுக்கு ஜுரம். மருந்து கொடுத்து ஆபாவிடம் விட்டுவிட்டு வந்தேன். உட்கார்ந்த உடனே மேனேஜர் ஒரு கடிதம் சொல்லி டைப் அடிக்க வைத்தார். முதலாளிக்கு. வெப்சைட்டில் நிறத்தின் குறியீட்டைத் தவறாகப் போட்டது நான்தான், அதனால்தான் லாட் கெட்டது, மன்னிக்கவும் என்று. என்ன சொல்கிறார் என்று புரிந்தபடியே டைப் அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திருப்பிப் படித்துச் சரிபார்த்தேன். மார்ஜின் வைத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எனக்கு எதிரான கடிதத்துக்கு நானே மார்ஜின் வைத்தேன்.

"கையெழுத்துப் போடு."

"சார், குறியீடு தப்பில்ல சார்."

"போடும்மா, பேஜார் பண்ணாத. நீ சின்னப் பொண்ணு, முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் பார்த்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்டும் இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனவர்தான். வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை. என் வேலையும் போனால் நாங்கள் எங்கே நிற்பது?

பேனாவை வாங்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போய், "சார், ஒரு நிமிஷம் வந்து பார்க்கணும்" என்றேன். பின்னாலேயே மேனேஜர் ஓடிவந்தார்.

முதலாளி என் மேசைக்கு வந்தார். அந்த நாள் தேதி போட்ட ஃபோல்டரில் இருந்த ஷேடு பக்கத்தின் கோப்பைத் திறந்து, மறைத்துவைத்த வரியைக் காட்டினேன். மற்ற எழுத்தெல்லாம் அவருக்குப் புரிந்திருக்காது, அந்த ஆங்கில வரி புரிந்தது. தேதியும், மேனேஜர் சொல்லி எடுத்தது என்று எழுதியிருந்ததும் புரிந்தது. இரண்டு முறை படித்தார்.

"இத எடுக்கச் சொன்னது நீங்களா?"

"ஞாபகம் இல்ல சார்," என்றார் மேனேஜர்.

"சரி. மாஸ்டர இந்த டப்பாவப் பார்த்துக் கலர் அடிக்கச் சொன்னது யாரு?"

"அவரேதான் சார் வந்து வந்து பார்த்தாரு. ஏன்னு எனக்குத் தெரியல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ இங்கதானே இருந்த? யாரு சொன்னது?"

ஆபாவிடமிருந்து போன் வந்ததாக அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து சொன்னார். ஜுரம் ஏறிவிட்டதாம். எனக்கு அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது. என் தலை தப்பிவிட்டது என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று யோசித்துப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

"நான் டைப் அடிச்சிட்டிருந்தேன் சார். கவனிக்கல."

அன்று சாயந்திரமே மாஸ்டரை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் எழுதிவைத்த வரி ஒன்று இருந்தது. அவரிடம் கண்ணும் கையும்தான் இருந்தன, சாட்சிக்கு நான் ஒருத்தி இருந்தேன்.

மறுநாள் காலை, குழந்தைக்கு ஜுரம் விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அவருடைய ஸ்பிரே கன். பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவரே பார்த்துவிட்டார்.

"உன் பக்கத்துலதானேம்மா நின்னேன்? அவரு சொன்னது உன் காதுல உழலயா?"

"பாப்பாவுக்கு ஜுரம் மாஸ்டர்..."

"எனக்கும் மூணு பொண்ணு இருக்குதும்மா." அவ்வளவுதான் சொன்னார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

ஆபீஸ் போய், பையைக்கூட வைக்காமல் முதலாளி அறைக்குள் நுழைந்தேன். மேனேஜர்தான் மாஸ்டரைத் திரையைப் பார்த்து அடிக்கச் சொன்னார், நான் காதால் கேட்டேன், மாஸ்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நேத்து கவனிக்கலன்ன."

"பொய் சொல்லிட்டேன் சார்."

"இன்னிக்குச் சொல்றது பொய் இல்லன்னு நான் எப்டிம்மா நம்பறது? இதையும் எங்கயாவது எழுதி வெச்சிருக்கியா?"

இல்லை என்றேன். அவர் மறுபடி பேப்பரைப் பிரித்தார். மேனேஜரை ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

மத்தியானம் மேனேஜர் புதுச் சாம்பிள் துண்டுகள் எட்டை என் மேசையில் போட்டார். முகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சிரிப்பு.

"நாளைக்குள்ள இதையும் ஏத்திடும்மா."

துண்டுகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். எட்டையும் ஏற்றினேன்.